யார் வீட்டுப் பிள்ளை?

அக்டோபர் பிறந்துவிட்டால் என் கைப்பேசிக்கு இரண்டு வகையான செய்திகள் வரத் தொடங்கும். ஒன்று, இங்கே நியூ ஜெர்சியில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் எச்சரிக்கைகள். மிட்டாய்க்குள் ஊசி இருக்கிறதாம், ஆப்பிளுக்குள் பிளேடு இருக்கிறதாம், போதை மாத்திரையைச் சாக்லேட் போலச் செய்து கொடுக்கிறார்களாம். இன்னொன்று, ஊரிலிருந்து தம்பி தங்கைகள் அனுப்புவது: "அக்கா, இந்தப் பேய்த் திருவிழாவுக்கெல்லாம் எதுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறீங்க? சாக்லேட் கம்பெனிக்காரன் கொண்டாட்டம்தானே இது?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது. ஆமாம், சாக்லேட் கம்பெனிக்காரன் கொண்டாட்டம்தான். அப்படியும் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் வகைச் செய்திக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. அமெரிக்காவுக்குப் படிக்க வந்திருக்கும் மாணவர்கள் முதல் அக்டோபரில் கதவுக்கு வெளியே பத்து எலும்புக்கூடுகள் நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போய் எனக்கு அழைக்கிறார்கள். அவர்களுக்கும், ஊரில் இருந்தபடி இதைக் கேலி செய்யும் தோழர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அக்டோபர் 31 மாலை, ஹாலோவீன் அன்று, குழந்தைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்பார்கள். ஏதாவது தருகிறாயா, இல்லை குறும்பு செய்யட்டுமா என்று அர்த்தம். வீட்டுக்காரர் மிட்டாய் கொடுப்பார். நூறு வருடங்களுக்கு முன்னால் இந்த இரவில் குறும்பு நிஜமாகவே நடந்தது. வேலியைப் பிடுங்குவது, ஜன்னலை உடைப்பது என்று எல்லை மீறிப் போனதால், இனிப்பைக் கொடுத்துப் பிள்ளைகளைச் சமாதானம் செய்யும் பழக்கம் ஊர் ஊராகப் பரவியது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தபோது தடைபட்டு, அதற்குப் பிறகுதான் இன்றைய வடிவத்துக்கு வந்தது.

நான் வேலை செய்வது ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கும் மாலை நேரப் பயிற்சி மையத்தில். 6 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகள். தமிழ், குஜராத்தி, ஸ்பானிஷ், அரபி என்று ஒரே அறையில் நாலைந்து மொழிகளில் சண்டை நடக்கும். பெற்றோரில் பாதிப் பேர் கிடங்குகளிலும் முதியோர் இல்லங்களிலும் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள். அக்டோபர் 31 மாலை ஆறு மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க அவர்களுக்கு விடுப்பு கிடைக்காது. ஆகவே நானும் நாலைந்து தன்னார்வலர்களும் அழைத்துப் போகிறோம். இருபது பிள்ளைகளை இருட்டில் கூட்டிப்போய் இருபது பேராகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பயம் எனக்கும் உண்டு. ஆனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில்தான் வாட்ஸ்அப்போடு எனக்குத் தகராறு.

விஷ மிட்டாய்க் கதையை முதுகலைச் சமூகவியல் படிக்கும்போதே நான் சந்தித்துவிட்டேன். ஜோயல் பெஸ்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஜெரால்ட் ஹொரியுச்சியோடு சேர்ந்து 1985-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பத்திரிகைச் செய்திகளைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். முகம் தெரியாத வீட்டுக்காரர் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்தது என்றோ, பலத்த காயம் பட்டது என்றோ உறுதியான ஒரு சம்பவம்கூட அகப்படவில்லை. பெஸ்ட் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் அந்தக் கணக்கைத் தொடர்ந்து பார்த்துவந்தார். முடிவு மாறவில்லை. எல்லோரும் சான்றாகக் காட்டும் 1974-ஆம் ஆண்டு டெக்சாஸ் கொலையில், சயனைடு கலந்த மிட்டாய்த் தூளை 8 வயதுச் சிறுவனுக்குக் கொடுத்தவர் அவன் அப்பாவேதான். ரொனால்ட் ஓ'பிரையன் என்று பெயர். மகன் பேரில் எடுத்திருந்த காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்தார். ஊரில் ஏற்கெனவே உலவிய வதந்தி தன்னைக் காப்பாற்றும் என்று நம்பினார். 1984-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982-இல் சிகாகோ பகுதியில் டைலனால் மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது அந்த ஆண்டு ஹாலோவீன் மிட்டாய் மீதும் பயம் பெருகியது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. பயத்துக்குத் தொடர்பு தேவையும் இல்லை.

பாலியல் குற்றவாளிகள் அந்த இரவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற எச்சரிக்கையும் ஆண்டுதோறும் வரும். 30 மாநிலங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. ஹாலோவீனை ஒட்டிக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் கூடியதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்கு இந்த ஆபத்து வருடத்தின் 365 நாளும் பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்தே வருகிறது. குடியிருப்பில் வேலை செய்யும் எனக்கு அதற்கு ஆய்வு தேவைப்படவில்லை.

அப்படியானால் அன்றைக்குப் பிள்ளைகளைக் கொல்வது எது? கார்.

1975 முதல் 2016 வரை 42 ஆண்டுகளின் சாலை விபத்துப் பதிவுகளைக் கனடாவைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஹாலோவீன் மாலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் அபாயம், அதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 10 மடங்கு. உச்சம் மாலை 6 மணி வாக்கில். எங்கள் பக்கம் அன்று ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும். அலுவலகம் முடிந்து வருகிறவர்களும் கறுப்பு உடையில் துள்ளிக்கொண்டு வரும் குட்டி வௌவால்களும் ஒரே நேரத்தில் ஒரே சாலைக்கு வருகிறார்கள்.

மிட்டாயைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கும் பெற்றோர், பிள்ளைக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடையை மாட்டி அனுப்புவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஆகவே எங்கள் மையத்தில் அக்டோபர் கடைசி வாரம் ஒரு மாலை முழுவதும் ஒட்டுவேலைதான். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையை முதுகிலும் பையிலும் ஒட்டுகிறோம். முகமூடியைக் கழற்றச் சொல்லி முகத்தில் சாயம் பூசிவிடுகிறோம். முகமூடி போட்ட பிள்ளைக்குப் பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாது. தரையைக் கூட்டும் அங்கிகளைக் கணுக்காலுக்கு மேல் மடித்துத் தைக்க எங்கள் குடியிருப்பில் ஒரு எகிப்தியப் பாட்டி இருக்கிறார். அவரிடம் விட்டுவிட்டால் பிள்ளையின் அழுகையைப் பொருட்படுத்தாமல் வெட்டியும் விடுவார். தெருவின் ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு, முனைக்கு வந்து, மறுபக்கம் போவோம். குறுக்கே பாய்வதில்லை. எதிர்வீட்டில் பெரிய சாக்லேட் கொடுக்கிறார்கள் என்ற செய்தி வரும் நொடிதான் அன்றைய இரவின் மிக ஆபத்தான நொடி. அதற்கு ஒரு தன்னார்வலர் நடைபாதையின் விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதே வேலையாக நிற்பார்.

வண்டி ஓட்டும் மாணவர்களே, குறிப்பாகப் பகுதி நேரமாக உணவு டெலிவரி செய்கிறவர்களே: அன்று ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை குடியிருப்புத் தெருக்களில் உருட்டிக்கொண்டு போங்கள். முன்னால் ஒரு வண்டி காரணமில்லாமல் நிற்பது போலத் தெரிந்தால் சுற்றிக்கொண்டு முந்தாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு பிள்ளை இருக்கும்.

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அப்போது என் அம்மா இங்கே வந்திருந்தார். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, முதல் விமானப் பயணம். பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் காலையிலேயே மாவு இடித்து அதிரசம் சுட்டு, ஒரு டப்பா நிறைய அடுக்கி வைத்துவிட்டார். அதைக் கொடுக்க முடியாது, கடையில் வாங்கிய உறை பிரிக்காத மிட்டாய்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஏம்மா, வீட்டுல செஞ்சதை வாங்க மாட்டாங்களா?"

"வாங்கினாலும் சாப்பிட மாட்டாங்கம்மா. தூக்கிப் போட்டுடுவாங்க."

அம்மா டப்பாவை மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "எல்லார் வீட்டுதையும் வாங்க மாட்டாங்களா, இல்ல நம்ம வீட்டுதை மட்டுமா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று இதை வாசிக்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சேரியில் சுட்ட பலகாரம் ஊருக்குள் எந்த வீட்டுக்கும் போனதில்லை. ஊரிலிருந்து மிச்சம் மீதி மட்டும் எங்கள் பக்கம் வரும். சிறுமியாக இருந்தபோது ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறத்தில் சட்டியை ஏந்திக்கொண்டு நின்றவர் அம்மா. கை பட்டுவிடக் கூடாதென்று உயரத்திலிருந்து போடுவார்களாம். பாதி தரையில் விழுமாம். அதனால்தான் என் அம்மாவுக்கு நான் இந்தப் பிள்ளைகளை வீடு வீடாகக் கூட்டிப்போவது பிடிக்கவே இல்லை. "நம்ம பிள்ளைங்களையும் அடுத்தவன் வாசல்ல கை நீட்ட வெக்கிறியே" என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லார் வீட்டுப் பலகாரத்துக்கும் இதே சட்டம்தான் என்றேன். ஊசி, பிளேடு வதந்தியைச் சொன்னேன். வேர்க்கடலையோ பாலோ பட்டால் மூச்சு அடைத்துப்போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், உறையில் அச்சிட்ட பட்டியலைப் பார்த்துத்தான் கொடுக்க முடியும் என்பதையும் சொன்னேன். "எல்லாருக்கும் ஒரே சட்டம்னா சரி" என்று டப்பாவை மூடினார். மாலையில் நாங்கள் புறப்படுவதற்கு முன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு குடியிருப்பின் கூடத்தில் உட்கார்ந்து அவரே மிட்டாய் கொடுத்தார். டாக்டர் வீட்டுப் பிள்ளையும், கிடங்கில் சுமை தூக்குகிறவர் பிள்ளையும் ஒரே மாதிரி பையை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் கொடுத்த விதத்தை நான் கவனித்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் குனிந்து, கிண்ணத்தைப் பிள்ளையின் மார்பளவுக்கு இறக்கி, "எடுத்துக்கோ கண்ணு" என்று தமிழிலேயே சொன்னார். பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். முதன்முறையாக இந்த நாட்டில் கதவைத் திறக்கப்போகும் மாணவர்களுக்கு நான் சொல்லித் தரும் முறை இதுதான். மேலிருந்து பையில் போடாதீர்கள்.

வாசலின் மற்ற நாகரிகங்களையும் சொல்லிவிடுகிறேன். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரக்கூடாது. இதற்கு விலக்கே இல்லை. அணைந்த வீட்டுக்குள் துக்கம் இருக்கலாம், கைக்குழந்தை தூங்கலாம், கொடுக்க விருப்பம் இல்லாமலும் இருக்கலாம். ஏன் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. கொடுக்க விருப்பம் இல்லாத மாணவர்களும் குற்றவுணர்ச்சி இல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கலாம். புல்வெளியின் குறுக்கே நடக்காமல் பாதையில் போய்ப் பாதையில் திரும்ப வேண்டும். ஒருமுறை பெல் அடித்துவிட்டு இருபது வரை எண்ண வேண்டும். இல்லையென்றால் அடுத்த வீடு. உள்ளே நாய் குரைத்தால் ஒரு படி கீழேயே நிற்க வேண்டும். "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிய கிண்ணம் மட்டும் வெளியே இருந்தால் ஆளுக்கு ஒன்று. யாரும் பார்க்காத கிண்ணத்தின் முன்னால் பத்து வயதுப் பிள்ளை நடத்தும் மனப்போராட்டத்தைப் பார்ப்பதற்காகவே நான் வருடா வருடம் போகிறேன் என்றும் சொல்லலாம்.

சில வாசல்களில் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு பூசணி இருக்கும். அந்த வீட்டில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகப் பென்சில், ஸ்டிக்கர் மாதிரி சாப்பிடாத பொருளும் இருக்கிறது என்று அடையாளம். டென்னசி மாநிலத்தில் ஒரு அம்மா தொடங்கிய சிறு முயற்சி, 2014-இலிருந்து நாடு முழுவதும் பரவியது. எங்கள் குழுவில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள ஒரு சிறுமி உண்டு. அந்தப் பூசணியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து மற்ற எல்லோரையும் இழுத்துக்கொண்டு ஓடுவாள். பேச வராத ஒரு பையனும் எங்களோடு வருகிறான். "ட்ரிக் ஆர் ட்ரீட் சொன்னால்தான் தருவேன்" என்று சிலர் விளையாட்டாகக் கிண்ணத்தை மறைப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பையை நீட்டினால் அதுதான் அவன் பேச்சு.

வேடத்தைப் பற்றி ஒன்று. ஒரு சமூகத்து மக்களின் தோற்றத்தையே வேடமாகப் போடுவதை எங்கள் மையத்தில் அனுமதிப்பதில்லை. 2011-இல் ஒஹையோ பல்கலைக்கழக மாணவர்கள் இதைக் கண்டித்துச் சுவரொட்டிகள் வெளியிட்டுப் பெரிய விவாதத்தை உண்டாக்கினார்கள். பூர்வகுடி இறகுக் கிரீடம், முகத்தில் கறுப்புச் சாயம், கிழிந்த உடுப்போடு வீடற்றவர் வேடம் எல்லாமே இதில் அடங்கும். நம் ஊர்ப் பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டிகளில் குழந்தை முகத்தில் கரியைப் பூசிப் பாசிமணி மாட்டி மேடையேற்றுவதைப் பற்றியும் நாம் எழுத வேண்டும். அது தனிக் கட்டுரை.

இப்போது எனக்குத் தூக்கம் வராத விஷயத்துக்கு வருகிறேன்.

1992 அக்டோபர் 17. லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரம். ஜப்பானிலிருந்து பரிமாற்ற மாணவராக வந்திருந்த 16 வயது யோஷிஹிரோ ஹட்டோரி, நண்பனோடு ஒரு ஹாலோவீன் விருந்துக்குப் போனார். வீடு மாறிவிட்டது. தவறான வீட்டின் பெல்லை அடித்தார். வீட்டுக்காரர் பெரிய துப்பாக்கியோடு வந்து "ஃப்ரீஸ்" என்று கத்தினார். அசையாதே என்று அர்த்தம். ஹட்டோரி நிற்காமல் முன்னால் வந்தார். சுடப்பட்டு இறந்தார். நடன உடையில் இருந்தார், கையில் ஆயுதம் எதுவும் இல்லை. 1993-இல் ஜூரி அந்த வீட்டுக்காரரை விடுதலை செய்தது. அடுத்த ஆண்டு சிவில் வழக்கில்தான் அவர் பொறுப்பாளி என்று தீர்ப்பானது. 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் ரால்ஃப் யார்ல் வீடு மாறிப் பெல் அடித்தான். 84 வயது வெள்ளைக்கார வீட்டுக்காரர் கதவு வழியாகவே சுட்டார். அந்தச் சிறுவன் பிழைத்தது அதிர்ஷ்டம். 2014 நவம்பரில் க்ளீவ்லாந்து பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிய 12 வயது டமீர் ரைஸை, வண்டியை விட்டு இறங்கிய சில நொடிகளில் ஒரு போலீஸ்காரர் சுட்டார். மறுநாள் இறந்தான்.

அதே 2014-இல் ஃபிலிப் கோஃப் என்ற உளவியலாளரும் குழுவினரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்று சொல்லிச் சிறுவர்களின் படங்களைக் காட்டி வயது கேட்டபோது, பங்கேற்றவர்கள் கறுப்பினச் சிறுவர்களின் வயதை 4 ஆண்டுகளுக்கும் மேல் கூட்டிச் சொன்னார்கள். வளர்ந்த பிள்ளை மிட்டாய் கேட்டு வந்தால் முகம் சுளிக்கும் நாட்டில் இதன் பொருள் என்ன என்று யோசியுங்கள். வர்ஜீனியாவின் செசபீக் நகரத்தில் 12 வயதுக்கு மேல் மிட்டாய் கேட்டுப் போனால் சிறைக்கு வழி செய்யும் சட்டமே 1970 முதல் இருந்தது. 2019-இல்தான் வயதை 14 ஆக்கிச் சிறைத் தண்டனையை நீக்கினார்கள். எங்கள் குழுவில் உயரமான ஒரு கறுப்பினப் பையன் இருக்கிறான். 11 வயதுதான். அவனிடம் எப்போதும் கேட்கிறார்கள்: "உனக்கு வயதாகிவிட்டதே?"

ஆகவே பொம்மைத் துப்பாக்கி, பொம்மைக் கத்தி எங்கள் குழுவில் கிடையாது. எல்லோருக்கும் கிடையாது என்று சொல்லித்தான் இந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடிகிறது. முகம் தெரியும்படி நில், ஓடாதே, கையை வெளியே வை, வீட்டு எண்ணைச் சரிபார் என்றெல்லாம் நான் பாடம் எடுக்கும்போது, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை யாரும் எடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். எடுக்காமல் இருக்க எனக்குத் துணிவு இல்லை.

எந்தத் தெருவுக்குப் போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பு நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. வெளியே நடைபாதை கிடையாது. ஒன்றரை மைல் தள்ளி, பழைய பெரிய வீடுகள் உள்ள தெருக்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் நடைபாதை, மர நிழலில் விளக்குக் கம்பம், முனைக்கு முனை நிற்கச் சொல்லும் பலகை. பாதுகாப்பு ஆலோசனை எல்லாம் சொல்வது என்ன? வெளிச்சமும் நடைபாதையும் உள்ள தெருவுக்குப் போ என்கிறது. இந்த நாட்டில் அப்படிப்பட்ட தெரு பெரும்பாலும் பணக்காரத் தெரு. ஆகவே நாங்கள் அங்கே போகிறோம்.

2014-இல் ஸ்லேட் இதழின் 'டியர் ப்ருடென்ஸ்' ஆலோசனைப் பகுதிக்கு ஒருவர் எழுதிய கடிதம் பிரபலமானது. வசதியான பகுதியில் வாழும் அவர், ஏழைப் பகுதிகளிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கெல்லாம் தான் ஏன் மிட்டாய் வாங்க வேண்டும் என்று புலம்பியிருந்தார். கூடுதலாக மிட்டாய் வாங்கி வையுங்கள் என்று அந்தப் பகுதியை எழுதிய எமிலி யாஃப் வறுத்தெடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கடிதத்தை எழுதியவர் போன்றவர்கள் அதற்குப் பிறகு எங்கும் போய்விடவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு வாசலில் எங்கள் ஒன்பது வயதுச் சிறுமியிடம் ஒருவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "நீ எந்தத் தெரு?" அவள் பெருமையாகக் குடியிருப்பின் பெயரைச் சொன்னாள். ஒரே ஒரு மிட்டாயைப் பையில் போட்டுவிட்டு, இது இந்தத் தெருப் பிள்ளைகளுக்கானது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் அந்தப் பகுதிவாசிகளின் இணையக் குழுவில் எங்கள் பிள்ளைகளின் படம் வந்திருந்தது. வேனில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று கீழே ஒரு வரி. அந்தச் சிறுமியின் அம்மாதான் எனக்குக் காட்டினார்.

"யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்டுத் தெருவைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் நமக்குப் புதிதா என்ன? அந்தக் கேள்வியின் ஆங்கிலத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

அடுத்த வருடம் போவதா வேண்டாமா என்று பெற்றோரும் நாங்களும் உட்கார்ந்து பேசினோம். ஒரு தன்னார்வலர், கல்லூரி மாணவர், அந்தத் தெரு வீடுகளுக்கெல்லாம் பிள்ளைகள் கையால் நன்றி அட்டை செய்து கொடுக்கலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் மறுத்தேன். அந்தத் தெருப் பிள்ளைகள் யாருக்கும் அட்டை கொடுப்பதில்லை. வாசலில் சொல்லும் நன்றி போதும். ஆனால் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து போவது, ஏழரை மணிக்கு முடிப்பது, மிட்டாய் உறைகளைப் பொறுக்கச் சொந்தக் குப்பைப் பை கொண்டுபோவது என்று முடிவு செய்தோம். இவை யாராக இருந்தாலும் செய்ய வேண்டியவை. அதே தெருவில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, அந்த இணையப் பதிவைப் பார்த்துவிட்டு மையத்தைத் தேடிக் கண்டுபிடித்து வந்து, "எத்தனை பிள்ளைகள் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள், குறையாமல் வாங்கி வைக்கிறோம்" என்றார்கள். எண்ணிக்கையை அவர்களுக்கு மட்டும் சொல்கிறோம். படம் போட்டவர் வீட்டு விளக்கு அதற்குப் பிறகு எரிவதில்லை. அணைந்த வீட்டுக்குப் போவதில்லை என்பது எங்கள் விதி.

பிள்ளைகள் தாங்களாகவே எடுத்த முடிவு ஒன்றும் உண்டு. "நாம மட்டும் அங்க போறோமே, நம்ம வீட்டுக்கு ஏன் யாரும் வர்றதில்ல?" என்று கேட்டார்கள். அடுக்குமாடிக் கதவுகளுக்கு வாசல் விளக்கு கிடையாது, எது திறக்கும் கதவு என்று தெரியாது. அதனால் கொடுக்க விரும்பும் வீடுகள் கதவில் ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டுவது என்று ஏற்பாடு. முதல் வருடம் ஒன்பது தாள், போன வருடம் நாற்பத்தொன்று. அந்தத் தம்பதியின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் டைனோசர் வேடத்தில் எங்கள் மூன்றாவது மாடி வரை ஏறி வந்தார்கள்.

இந்த வருட வேலை நீல நிறத் தாள். இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் மாலை ஏழு மணி வரை தூங்குவார்கள். அந்தக் கதவுகளில் நீலத் தாள் ஒட்டிவிட்டால் அந்த நடைகூடத்தில் சத்தம் போடாமல் கடக்க வேண்டும் என்று அர்த்தம். எந்தெந்தக் கதவு என்ற பட்டியலைப் பிள்ளைகள்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று வரை பதினேழு. அதில் ஆறு பேர் எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள்.